புதுப்பிப்பு: சாச்சுரேஷன் டைவிங், வட கடல் டைவர்களுக்கு நடந்தது

உயர் அழுத்த அறையிலேயே வாரக்கணக்கில் தங்கி கடலடியில் வேலை பார்க்கும் டைவர்களைப் பற்றி (இதுதான் சாச்சுரேஷன் டைவிங்) போன பதிவில் எழுதியதற்கு, "மெதுவாகத்தானே அழுத்தத்தைக் குறைக்கிறார்கள், அப்புறம் என்ன கெடுதல்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, நார்வேயைப் பாருங்கள். இப்போது அழுத்தத்தைக் குறைக்க 30 மீட்டர் ஆழத்துக்குச் சுமார் ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்தில் எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்ற அட்டவணைகளையே நிறுவனங்கள் தொழில் ரகசியமாக வைத்திருந்தன (எனக்கு இதுதான் பொறுக்கவில்லை). நுரையீரல், நரம்பு மண்டலம், காது, மனம் எல்லாம் கெட்டு வேலைக்கே போக முடியாமல் ஆனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த அட்டவணைகளின் ஆபத்து டைவர்களுக்குத் தெரியவர நார்வே அரசு வழிசெய்யவில்லை என்று தீர்ப்பளித்தது.