புரூஜ் நகரில் ஜனவரி வார இறுதி: அம்மாவோடு போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜனவரி கடைசியில் அம்மாவை பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு அழைத்துப் போகிறேன். சனி காலை பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயில், ஒரு மணி நேரப் பயணம்தான். ஞாயிறு இரவு திரும்ப வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் சந்தைச் சதுக்கத்து மணிக்கூண்டின் 366 படிகள் வேண்டாம். 83 மீட்டர் கோபுரத்தைக் கீழே நின்று பார்த்தாலே அழகுதான். ஆனால் அன்னை மரியா ஆலயத்தில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு மாதாவையும், குரூனிங்க அருங்காட்சியகத்தில் யான் வான் எய்க் 1436-ல் முடித்த ஓவியத்தையும் அம்மா நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஓவிய ஆசிரியராக இருந்தவர். இவற்றைப் புத்தகத்தில் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

குளிர்காலத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: கல் பாவிய தெருக்கள் ஈரத்தில் வழுக்குமா, எந்த மாதிரி காலணி சரிவரும்? கால்வாய்ப் படகுகள் ஜனவரியில் ஓடுகின்றனவா? ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே தங்கலாமா, இல்லை ரயில் நிலையம் அருகே தங்கிப் பேருந்தில் போய்வரலாமா? அப்புறம், சூடான சைவச் சாப்பாடு கிடைக்கும் இடம் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விடுதியை இந்த வாரமே பதிவு செய்யப் போகிறேன்.