புதுப்பிப்பு: வெள்ளவத்தைக் கடை டிவி

கொழும்பு வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் யாரும் பார்க்காமல் அலறும் டிவியை அணைக்க டிவி-பி-கான் கிட் (டிவிகளை அணைக்கும் சின்ன ரிமோட், பாகங்களாக வரும், நாமே பொருத்த வேண்டும்) சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, வாங்கிச் சாலிடர் பண்ணியாயிற்று, வேலை செய்கிறது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மிட்ச் ஆல்ட்மன் 2004இல் கொண்டுவந்த கருவியின் திறந்த மூல வடிவம் (வடிவமைப்பு எல்லாருக்கும் வெளிப்படையாகக் கிடைக்கும்) இது. பட்டனை அமுக்கினால் பல கம்பனி டிவிகளுக்கு உரிய பவர் சிக்னலை அகச்சிவப்பில் வரிசையாக அனுப்பும், அதனால் கையை ஆட்டாமல் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும்.

கொத்து வருவதற்குள் திரை கறுத்தது. காசு மேசை அண்ணை ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பற்றரி போட்டுதோ?" என்றார்.

ஒரு சிக்கல், பல டிவிகளுக்கு அணைக்கவும் போடவும் ஒரே சிக்னல்தான், அணைந்து சும்மா கிடந்த டிவியும் உயிர் பெற்றுவிடும். கிரிக்கெட் நாளில் பையை விட்டு எடுக்கமாட்டேன், அடி விழும்.