திருச்சி – யாழ்ப்பாணம் ஃப்ளைட்: பலாலி ஏர்போர்ட் எப்படி?

கேள்வி (காவிரிக்கரை): அம்மாவோட யாழ்ப்பாணம் போகலாம்னு பிளான், இண்டிகோ திருச்சியிலேர்ந்தே விடுறான்ல, அங்க பலாலி ஏர்போர்ட்ல வசதி இருக்கா, இல்ல பஸ் ஸ்டாண்ட் மாதிரிதானா? அதோட கதை தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.

வடலி: ரெண்டாம் உலகப் போர் நேரம் பிரிட்டிஷ்காரர் விமானப்படைக்கெண்டு கட்டினது, சுதந்திரத்துக்குப் பிறகு கொழும்புக்கும் இந்தியாவுக்கும் இங்கயிருந்து பிளேன் ஓடினது, பிறகு சண்டை தொடங்க முழுக்க ஆமியின்ர கையில போயிட்டுது, சுத்தியிருந்த சனமும் காணியை விட்டுட்டு இடம்பெயர்ந்ததுதான். 2019 ஒக்ரோபர் 17தான் சர்வதேச விமான நிலையமெண்டு திறந்தவை. நவம்பர்ல சென்னைக்கு அலையன்ஸ் எயார் ஓடத் தொடங்கி, நாலு மாசத்தில கொரோனா வந்து பூட்டிப்போட்டு 2022 டிசம்பர் 12தான் திரும்ப வந்தது. திருச்சி பிளேன் தொடங்கினது 2025 மார்ச்சில.

காவிரிக்கரை: அடேங்கப்பா, இவ்ளோ இருக்கா! அம்மாவுக்கு முட்டி வலி, அதான் கேட்டேன்.

ஊர்சுத்தி: டெர்மினல் சின்னதுதான் ப்ரோ, ஏரோபிரிட்ஜ்லாம் கிடையாது, படியில இறங்கி நடக்கணும், டிக்கெட் போடும்போதே அம்மாவுக்கு வீல்சேர் கேட்டுடுங்க. வர்றது ஏடிஆர், புரொப்பெல்லர் வச்ச 70 சொச்சம் சீட் பிளேன், கேபின் பேக் பெருசா இருந்தா மேல நுழையாது. சாப்பாட்டை நம்பிப் போகாதீங்க. ஈடிஏ விசா (இலங்கைக்குள்ள போறதுக்கான பயண அனுமதி) ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க.

வடலி: டவுனுக்கு 16 கிலோமீற்றர் அளவு வரும். வாகனம் முதலே சொல்லி வையுங்கோ, வெளியில வந்து தேடினா சொன்னதுதான் விலை.