இருமுகக் கோணமா, ஏந்துகோணமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மரக் கிளைடர் (இயந்திரம் இல்லாமல் மிதந்து பறக்கும் சிறு விமானம்) கட்டிப் பறக்கவிடும் நம் கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘டைஹெட்ரல்’ என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு வாரமாக முடிவாகாமல் நிற்கிறது. இறக்கைகள் இரண்டும் மட்டமாக நீளாமல், உடலிலிருந்து நுனி நோக்கிச் சற்றே உயர்ந்து, முன்னால் நின்று பார்க்கும்போது மிக அகன்ற கவையைப் போலத் தெரிகிற அமைப்பையும், அந்த உயர்வின் கோணத்தையும் இச்சொல் குறிக்கிறது. ‘இருமுகக் கோணம்’ என்று ஒரு நண்பரும் ‘ஏற்றக்கோணம்’ என்று மற்றொருவரும் முன்மொழிந்துள்ளனர். நான் ‘ஏந்துகோணம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘இருமுகக் கோணம்’ மூலச்சொல்லுக்கு நேரான மொழிபெயர்ப்புதான். கிரேக்கத்தில் ‘டை’ இரண்டு, ‘ஹெட்ரா’ இருக்கை அல்லது முகம். அது தவறான தமிழன்று. அதன் பொருளே நம்மை வழிதவறச் செய்கிறது என்பதே என் மறுப்பு. வடிவியலில் இச்சொல் இரண்டு தளங்கள் சந்திக்குமிடத்தில் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைக் குறிக்கும். வானூர்தி கட்டுவோர் பேசுவதோ ஒவ்வோர் இறக்கையும் கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்பதைப் பற்றி. பக்கத்துக்கு 6 பாகை உயர்ந்த இறக்கையில் வடிவியல் சொல்லின்படி கோணம் 168 பாகை ஆகிறது. சிலர் இரு பக்கத்தையும் கூட்டி 12 என்பார்கள். வரைபடத்தில் இருப்பதோ 6. ஒரே சொல்லுக்கு மூன்று எண்கள் வந்தால் பட்டறை மேசையில் என்ன நடக்கும் என்பதை என் கைப்பட அறிந்தவன் நான்.

சென்ற ஆண்டு இரண்டு மீட்டர் அகல இறக்கை கொண்ட கிளைடர் ஒன்றைக் கட்டினேன். பால்சா மர விலாக்களும் ஸ்ப்ரூஸ் மரச் சட்டமும் கொண்ட, மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கானும் அதை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் மட்டுமே இயங்குகிற எளிய வகை. (விலாவைப் படகு கட்டுவோர் ‘வங்கு’ என்பார்கள், அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.) ஒரு பாதியைப் பலகையோடு அழுத்தி எடை வைத்துவிட்டு, மறுபாதியின் நுனிக்கடியில் கட்டை கொடுத்து நடுவில் ஒட்டுவது வழக்கம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 பாகை என்று கணக்கிட்டு 105 மில்லிமீட்டர் கட்டையை வைத்தேன். ஒரு பாதி தரையோடு படிந்திருப்பதால் மறுபாதி முழு 12 பாகை எழவேண்டும், அதற்கு 208 மில்லிமீட்டர் கட்டை தேவை என்பது எனக்குத் தோன்றவில்லை. பிளைவுட் இணைப்புத் துண்டும் அதே தவறான கோணத்தில் வெட்டப்பட்டு ஒட்டியாகிவிட்டது. ஆக, பக்கத்துக்கு 3 பாகைதான் கிடைத்தது.

பாகூர்ப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில், கடற்காற்று திரும்புவதற்கு முன்பான காலை வேளையில், ரப்பர்க் குழாயும் நைலான் கயிறும் கொண்டு அதை ஏற்றினோம். கயிற்றிலிருந்து நேராகத்தான் விடுபட்டது. இடப்பக்கம் சுக்கான் கொடுத்தபோது மூக்கு மட்டும் திரும்பியது; இறக்கை சாயாமல் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. ஏலரான் (வண்டியைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் வைக்கும் அசையும் மடல்) இல்லாத கிளைடரில் சாய்வை உண்டாக்கவேண்டியதே இந்தக் கோணம்தான். வண்டி பக்கவாட்டில் நகரும்போது, எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்து இறக்கை கூடுதல் தாக்குகோணத்தில் (இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையே உள்ள கோணம்) காற்றைச் சந்திக்கிறது. அதனால் அதன் தூக்கு விசை கூடி அந்த இறக்கை எழுகிறது. சுக்கான் தரும் திருப்பத்தைச் சாய்வாக மாற்றுவதும், காற்றுவீச்சால் ஒருபக்கம் சாய்ந்த வண்டியை மெல்ல மட்டத்துக்குக் கொண்டுவருவதும் இதே செயல்தான். என் வண்டியில் இரண்டுமே அரைகுறையாக இருந்தன. மூன்றாவது ஏற்றத்தில் வலப்பக்கம் சாய்ந்தது மீளாமல் வரப்பில் மோதி, அந்த இணைப்புத் துண்டிலேயே முறிந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் கட்டையின் கணக்கு உறைத்தது.

‘ஏற்றக்கோணம்’ நல்ல சொல். ஆனால் அதைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் எடுத்துக்கொண்டுவிட்டது. கோபுர உச்சியை நோக்கும் கண்ணின் கோணம் என்றே மாணவர் அதைப் புரிந்துகொள்வார். கயிற்றில் கிளைடர் மேலேறும் கோணத்தையும் நாம் பேசவேண்டியிருக்கிறது. அங்கே அச்சொல் தேவைப்படும்.

‘ஏந்து’ என்ற வினை கீழிருந்து தாங்கி உயர்த்திப் பிடிப்பதைக் குறிப்பது. மேல்நோக்கி வளைந்த யானைக் கொம்பை ‘ஏந்துகோடு’ என்பது சங்கச் செய்யுள் வழக்கு. தெருவோர உணவுக்கடையை ‘கையேந்தி பவன்’ என்று நாம் கேலியாகச் சொல்லும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது. குளிர்காலத்தில் புதுச்சேரியை அடுத்த ஊசுடு ஏரிக்கு வரும் பூனைப்பருந்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நாணலுக்கு மேலே தாழ்வாக, இறக்கைகளை மேல்நோக்கி ஏந்திக்கொண்டே அது மிதந்து செல்லும். ஊருக்குள் வட்டமிடும் கரும்பருந்தோ ஏறக்குறைய மட்டமாக வைத்திருக்கும். படுகோணம், தாக்குகோணம் ஆகியவற்றோடு ஏந்துகோணமும் ஒரே வாய்பாட்டில் அமைந்துவிடுகிறது.

‘ஏந்தல்’ என்றால் ஏரியும் தலைவனும் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உண்மைதான், ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்களே பல உண்டு. அதனால்தான் தனியாக ‘ஏந்தல்’ என்று வைக்காமல் வினைத்தொகையாக ‘ஏந்துகோணம்’ என்கிறேன். இறக்கை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும் எதிர்நிலைக்குத் ‘தாழ்கோணம்’ போதும். ‘கவிகோணம்’ இன்னும் பொருத்தமாக இருந்தாலும், கவிஞர்களின் கோணம் என்று படித்துவிடுவார்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடங்களில் மடிந்து உயரும் இறக்கைக்கு முதலில் ‘பல்லேந்து இறக்கை’ என்று எழுதிப் பார்த்தேன். பல் மருத்துவர் நினைவுக்கு வந்ததால் அடித்துவிட்டு ‘அடுக்கேந்து இறக்கை’ என்று மாற்றினேன்.

பட்டியலில் இப்படி எழுதலாம் என்பது என் பரிந்துரை: “ஏந்துகோணம் – ஒவ்வோர் இறக்கையும் கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கி உயர்ந்திருக்கும் கோணம், எப்போதும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொல்லப்படும். ஒரு பாதியைப் பலகையில் மட்டமாக வைத்து ஒட்டும்போது மறுபாதியை இதன் இருமடங்கு உயர்த்துக.” கடைசி வாக்கியம் சொற்பட்டியலுக்குரியதன்று என்று ஆசிரியர் குழு கருதினால் அடிக்குறிப்பில் போடட்டும், நீக்கிவிட மட்டும் வேண்டாம்.