ஸ்குவீக்கில் இரண்டாவது விண்டோ திறக்க முடியவில்லை, உதவி தேவை

ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்காக, கல் பதித்த பிறகு தரை எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு ப்ரோகிராமை ஸ்குவீக்கில் (ஸ்மால்டாக் நிரல்மொழியின் ஒரு வடிவம்) எழுதியிருக்கிறேன். லேப்டாப்பில் நான் அச்சையும் நிறத்தையும் மாற்ற மாற்ற, வீடு கட்டுபவர் பார்க்கும் டிவியில் 8 அங்குலக் கல் பரப்பிய தரை மட்டும் தெரிய வேண்டும். இங்கேதான் சிக்கல். ஸ்குவீக்கின் விர்ச்சுவல் மெஷின் (அதை ஓட்டும் நிரல்) இயங்குதளத்திடம் கேட்டு வாங்குவது ஒரே ஒரு விண்டோ, உள்ளே நாம் திறப்பதெல்லாம் ஸ்குவீக்கின் திரை வரையும் பகுதியான மார்ஃபிக் அதற்குள் வரைகிற படங்கள்தான், எதையும் வெளியே இழுத்து டிவிக்குத் தள்ள முடியாது.

உபுண்டு 22.04, ஸ்குவீக் 6.0, 64 பிட். லேப்டாப் 1366×768, எச்டிஎம்ஐ வழியாக டிவி 1920×1080.

விண்டோவை இரண்டு திரைக்கும் சேர்த்து நீட்டினேன், உயரம் பொருந்தாமல் டிவியில் அடிவரிசைக் கற்கள் வெட்டுப்பட்டன. தனி விண்டோ திறப்பதற்கான ஹோஸ்ட்விண்டோ ப்ளகின் வழியாகப் போனால் என் மெஷினில் 'ப்ரிமிட்டிவ் ஃபெயில்ட்' என்று நின்றுவிடுகிறது. அப்புறம் இரண்டு இமேஜ்களை (ஸ்குவீக் தன் நிரலையும் நிலையையும் சேமித்து வைக்கும் கோப்பு) தனித்தனியாக ஓடவிட்டு சாக்கெட்டில் இணைத்தேன்; ஓடுகிறது, ஆனால் மஞ்சளை மாற்றினால் டிவியில் கொஞ்சம் கழித்துத்தான் மாறுகிறது, வாங்க வந்தவர் முன்னால் அது சரிப்படாது. எஃப்எஃப்ஐ (வெளி நூலகங்களை அழைக்கும் வழி) மூலம் எஸ்டிஎல்2 என்ற வரைகலை நூலகத்தின் விண்டோ திறந்தும் பார்த்தேன், திறக்கிறது, விசை, மவுஸ் அசைவுகளுக்குக் காத்திருக்கும் ஈவென்ட் லூப்பில் மொத்த இமேஜும் உறைகிறது.

ஸ்குவீக்கிலிருந்து பிரிந்த ஃபாரோவில் எஸ்டிஎல்2 ஆதரவு உண்டு என்று தெரியும், ஆனால் மார்ஃபிக் பகுதி முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

லினக்ஸில் ஸ்குவீக்கை விட்டு மாறாமல், ஒரே இமேஜிலிருந்து இரண்டாவது நேட்டிவ் (இயங்குதளமே தரும்) விண்டோவை யாராவது ஓடவிட்டிருக்கிறீர்களா, எப்படி?