271ஆம் பிரிவுக்குச் சொல்: ‘நோய்ப்பரப்பல்’ சரிவருமா?

வணக்கம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய ‘negligent’ செயலைப் பற்றியது. அதன் தமிழ்த் தலைப்பாக இந்த விவாதத்தில் முன்வைக்கப்பட்ட ‘கவனக்குறைவு நோய்ப்பரப்பல்’ என்ற தொடரில் இரண்டு பாதியுமே எனக்கு இடிக்கிறது.

முதலில் ‘பரப்பல்’. பரப்பினார் என்றால் பரவிவிட்டது என்று பொருள். சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. உயிருக்கு ஆபத்தான நோயின் தொற்று பரவக்கூடிய செயலைச் செய்தாலே போதும். ஒருவருக்கும் ஒட்டாமல் போனாலும் குற்றம் குற்றம்தான். 1883இல் சென்னை உயர்நீதிமன்றம் பார்த்த வழக்கு ஒன்று உண்டு. தனக்குக் காலரா என்று தெரிந்தும் ரயில்வே ஊழியர்களிடம் சொல்லாமல் ஒருவர் வண்டியேறிவிட்டார். பழைய தண்டனைச் சட்டத்தின் 269ஆம் பிரிவில் அவர் குற்றவாளி ஆனார். விஷயம் தெரிந்தே அவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துக் கூடப் போனவரும் உடந்தை என்று மாட்டிக்கொண்டார். டிக்கெட் எடுத்தவர் எந்தக் கிருமியைப் பரப்பினார்?

அடுத்து ‘கவனக்குறைவு’. சாவியை மறந்து வைப்பது கவனக்குறைவு. இங்கே சட்டம் பிடிப்பது, தொற்று பரவும் என்று தெரிந்தவரை, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தவரை. பரிசோதனை முடிவு கைபேசிக்கு வந்துவிட்டது, திறந்தும் பார்த்தாயிற்று, அப்புறமும் நெரிசலான பேருந்தில் ஏறுகிறார் என்றால் அவர் கவனமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அக்கறைதான் இல்லை. முதல் தகவல் அறிக்கைகளில் ‘அஜாக்கிரதை’ என்று எழுதுவார்கள். அது சாலை விபத்தோடு ஒட்டிப்போன சொல். ‘மெத்தனம்’ கடமை தவறிய அதிகாரிக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. ‘அசட்டை’ என்றால் பயணிக்கும் பொருந்தும், தொற்றுள்ள கழிவைத் தெருவில் கொட்டுபவருக்கும் பொருந்தும்.

‘தொற்றுக்கு இடங்கொடுத்தல்’ என்று இன்னொருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நோய்க்கு இடங்கொடுத்தவர் என்றால் நோயை வாங்கிக்கொண்டவர் என்றுதான் முதலில் படும். ஆகவே என் பரிந்துரை: ‘அசட்டையால் தொற்றுக்கு வழிவகுத்தல்’. வழி திறந்ததைச் சொல்கிறது, அதில் தொற்று போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லவில்லை. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். குற்றப்பிரிவின் தலைப்புக்கு இந்த நீளம் ஒன்றும் புதிதல்ல.

இதில் இன்னொரு வசதி, அடுத்த பிரிவுக்குப் பாதிச் சொல்லை மாற்றினால் போதும். 271க்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 272க்குச் சிறை இரண்டு ஆண்டு வரை போகலாம்; செயல் அதேதான், மனநிலை வேறு: ஆங்கிலத்தில் ‘malignant’. அதற்கு ‘வன்மம்’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். வன்மம் என்றால் ஓர் ஆள்மீது நாள்பட வளர்த்த பகை. முன்பின் தெரியாத கூட்டத்தில் வேண்டுமென்றே நோயை விதைப்பவருக்கு அது ஒட்டாது. ‘கெடுநோக்கால் தொற்றுக்கு வழிவகுத்தல்’ என்றே வைக்கலாம்.

273, அதாவது தனிமைப்படுத்தல் விதிகளை மீறுவது, ஏற்கெனவே புழங்கும் சொல்லாலேயே ஓடிவிடும். அதை இதில் இழுக்க வேண்டாம்.