318 எடுத்தும் தோல்வி: சாமர்செட்டின் பந்துவீச்சுக்கு என்ன ஆயிற்று?

டோன் நதிக்கரை | 12 ஆகஸ்ட் 2023

நேற்று டான்டன் மைதானத்தில் கடைசிப் பந்து வரை உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) அணிகள் ஆடும் 50 ஓவர் தொடரான ஒருநாள் கோப்பையில் சசெக்ஸுக்கு எதிராக 318 எடுத்தோம். ஆண்ட்ரூ உமீத் 119, கர்ட்டிஸ் கேம்ஃபர் 101. ஒரே இன்னிங்ஸில் இரண்டு சதம் கண்ட அணி, சொந்த மைதானத்தில், 4 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. சசெக்ஸின் புஜாரா 113 பந்துகளில் 117 எடுத்துக் கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றார். அவர் வெறிகொண்டு அடித்திருந்தால்கூட மனம் ஒப்பும். அவரோ காய்கறி நறுக்குகிறவர் போல நிதானமாக, இடைவெளி பார்த்து, ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்துக்கொண்டே போனார். நம் பந்துவீச்சில் அவரை அவசரப்படுத்த ஒருவரும் இல்லை.

இதற்கு இரண்டு நாள் முன்புதான் நார்த்தாம்ப்டனில் பிரித்வி ஷா நம்மைப் பிரித்து மேய்ந்தார். 153 பந்துகளில் 244; 28 பவுண்டரி, 11 சிக்ஸர். நார்த்தாம்ப்டன்ஷயர் 8 விக்கெட்டுக்கு 415. நாம் 328 எடுத்தும் 87 ஓட்டங்களில் தோல்வி. அதாவது இரண்டு ஆட்டங்களில் 646 ஓட்டங்கள் குவித்துவிட்டு இரண்டிலும் தோற்றிருக்கிறோம். மட்டையாளர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூலை 15 அன்று எட்ஜ்பாஸ்டனில் கவுண்டிகளின் 20 ஓவர் தொடரான டி20 பிளாஸ்ட் இறுதியாட்டம். நாம் எடுத்ததோ வெறும் 145. அதைக் காப்பாற்றி எசெக்ஸை 131-க்குச் சுருட்டினோம். மாட் ஹென்றி 24 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். நான்கே வாரத்தில் அந்தப் பந்துவீச்சு எங்கே போயிற்று? ஆகஸ்டில் நகர அணிகள் ஆடும் 100 பந்துத் தொடரான ஹண்ட்ரட் கொண்டுபோய்விட்டது. நம் டி20 தலைவர் லூயிஸ் கிரெகரி டிரென்ட் ராக்கெட்ஸுக்குத் தலைமை தாங்குகிறார். டாம் ஏபல் வெல்ஷ் ஃபயருக்கு. ஜாக் லீச்சோ முதுகெலும்பு விரிசலால் ஆஷஸையே இழந்தவர். மிச்சமிருக்கும் பிள்ளைகளைக் களத்தில் விட்டுவிட்டுக் கோப்பையை எதிர்பார்ப்பது நியாயமா?

---

ஐந்தாவது ஸ்டம்ப் | 12 ஆகஸ்ட் 2023

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, நண்பரே. நானும் சாமர்செட் ஆதரவாளன்தான். ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள்.

ஹண்ட்ரட் 2021-இல் தொடங்கியது. ஆகஸ்டு வந்தால் முன்னணி வீரர்கள் போய்விடுவார்கள் என்பது மூன்று ஆண்டுகளாக ஊரறிந்த செய்தி. மழை வரும் என்று தெரிந்தும் கூரையைச் சரிசெய்யாதவர் மழையைத் திட்டக்கூடாது. 18 கவுண்டிகளுக்கும் இதே ஆகஸ்டுதான். இந்த இடைஞ்சலுக்கு ஈடாக இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஆண்டுக்கு 13 லட்சம் பவுண்டு கொடுக்கிறது. அந்தப் பணம் வந்த பிறகும், 50 ஓவர் ஆட்டத்துக்கென்று இரண்டு அனுபவப் பந்துவீச்சாளர்களைத் தனியாக வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை என்றால் அது யாருடைய தவறு?

கேம்ஃபர் போல ஒரு சகலதுறை ஆட்டக்காரரைக் கொண்டுவர முடிந்தவர்களால், புதுப்பந்தை மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசும் ஒருவரையும் கொண்டுவந்திருக்க முடியும்.

---

டோன் நதிக்கரை | 13 ஆகஸ்ட் 2023

எல்லாருக்கும் இதே ஆகஸ்டு என்பது காகிதத்தில்தான் உண்மை. நன்றாக ஆடும் அணியிலிருந்துதான் அதிகம் பேரைப் பொறுக்கிக்கொள்கிறார்கள். பிளாஸ்ட் தொடரில் தென் பிரிவில் முதலிடம் பிடித்தோம். அதற்குத் தண்டனை, ஒரு மாதத்தில் அணி காலி.

சர்ரேயைப் பாருங்கள். சென்ற ஆண்டு கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்ற அணி. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹோவ் மைதானத்தில் இதே புஜாரா அவர்களிடம் 131 பந்துகளில் 174 எடுத்தார். சசெக்ஸ் 378, சர்ரே 162, வித்தியாசம் 216 ஓட்டங்கள். நாட்டின் மிகச் சிறந்த கவுண்டிக்கு அந்தக் கதி என்றால், அதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா?

கோப்பை என்பதன் பொருளையே மாற்றிவிட்டார்கள் என்பதுதான் என் குறை. 2019-இல் இதே கோப்பையை லார்ட்ஸில் ஹாம்ப்ஷயரை வீழ்த்தி வென்றோம். அன்று ஹண்ட்ரட் என்ற ஒன்றே இல்லை. அதற்கும் முன்னே போனால் 1979. கவுண்டியின் வரலாற்றில் முதல் கோப்பை, அதுவும் ஒருநாள் கோப்பைதான். ஜில்லெட் கோப்பை இறுதியில் விவியன் ரிச்சர்ட்ஸ் 117, ஜோயல் கார்னர் 29 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். எதிரணி யார் தெரியுமா? நார்த்தாம்ப்டன்ஷயர். அவர்களிடம்தான் புதன்கிழமை 415 கொடுத்தோம். 44 ஆண்டுகளாக இந்த அணியோடு வாழ்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

ஐந்தாவது ஸ்டம்ப் | 13 ஆகஸ்ட் 2023

ரிச்சர்ட்ஸ் ஆன்டிகுவாவிலிருந்தும் கார்னர் பார்படோஸிலிருந்தும் வந்தவர்கள். சரியான ஆளைத் தேடிப் பிடித்துவந்த நிர்வாகம் அன்று இருந்தது. நீங்கள் சொன்ன வரலாறு என் வாதத்துக்குத்தான் துணைநிற்கிறது.

---

பழைய பந்து | 13 ஆகஸ்ட் 2023

இரண்டு பேரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். யார் போனார், யார் வரவில்லை என்று. பந்து எப்படி வீசப்பட்டது என்று ஒருவரும் பேசவில்லை. இருபது ஆண்டுகள் சனிக்கிழமை லீக்குகளில் வேகப்பந்து வீசியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் இளம் பந்துவீச்சாளர்கள் வளரும் விதம் என்ன? மே கடைசி முதல் ஜூலை நடுவரை பிளாஸ்ட். அங்கே ஒருவருக்கு 4 ஓவர், 24 பந்து. ஒரு ஓவர் வீசிவிட்டு ஓரமாகப் போய் நின்று, அரைமணி கழித்து மறுபடி வரலாம். ஒவ்வொரு பந்தும் வேறு மாதிரி: ஒன்று யார்க்கர், ஒன்று வேகம் குறைத்தது, ஒன்று அகலமாக. மட்டையாளரை ஏமாற்றுவதே வேலை. ஆகஸ்டு பிறந்ததும் அதே பையனிடம் பந்தைக் கொடுத்து 10 ஓவர் வீசு என்கிறோம். இது முற்றிலும் வேறு தொழில். முதல் ஸ்பெல்லில் நான்கைந்து ஓவர், ஒரே நீளத்தில், ஸ்டம்பின் மேல்முனையைக் குறிவைத்து, வந்த பந்தே திரும்பத் திரும்ப வரவேண்டும். மட்டையாளர் சலித்துப்போய் அவராகவே தவறு செய்யும் வரை நம் பையன் சலிக்கக்கூடாது. அந்தப் பொறுமை 24 பந்து ஆட்டத்தில் வளராது.

அதோடு இந்த ஆட்டத்தின் விதிகளும் பந்துவீச்சாளருக்குக் கருணை காட்டுவதில்லை. இரு முனைக்கும் தனித்தனிப் புதுப்பந்து. அதனால் 50 ஓவர் முடியும்போதும் ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் அடிபட்டிருக்கும். பழைய பந்தைத் தேய்த்து ரிவர்ஸ் ஸ்விங் எடுக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைக்கும், வழி அடைபட்டுவிட்டது. 11 முதல் 40 ஓவர் வரை உள்வட்டத்துக்கு வெளியே, எல்லைப் பக்கம், பீல்டர்கள் நான்கு பேர்தான் நிற்கலாம். நான்கு பேரை வைத்து டான்டன் போன்ற மைதானத்தைக் காப்பது பெரிய கலை. அங்கே நேர்க்கோட்டு எல்லை கிட்டத்தில் இருக்கிறது. நன்றாக விழுந்த சிக்ஸர் ஆற்றில் போய் விழும். அந்தப் பயத்தில் பையன்கள் பந்தை முன்னே போடத் தயங்கி நீளத்தைக் குறைக்கிறார்கள். குறைந்த வேகத்தில் குறைந்த நீளம் என்றால் புஜாராவுக்கு விருந்து. பின்காலில் நின்று கட் செய்கிறார். ஆளை அங்கே நகர்த்தினால் மறுபக்கம் தட்டி ஓடுகிறார்.

ஷாவும் எட்டாத உயரத்தில் இருப்பவர் அல்லர். சில நாள் முன்பு குளோஸ்டர்ஷயருக்கு எதிரான ஆட்டத்தில் பால் வான் மீகரென் ஒரு பவுன்சர் வீசினார். ஷா அதை அடிக்கப் போய் நிலைதடுமாறி விழுந்து தன் ஸ்டம்பையே தட்டிவிட்டார். 34 ஓட்டங்களோடு போனார். முகத்துக்கு நேரே வேகமாக ஏறும் பந்து அவருக்குத் தொல்லை என்பதை எல்லாரும் பார்த்தோம். புதன்கிழமை அப்படி எத்தனை பந்து வீசினோம்? ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் திட்டமும் குறைவு.

---

டோன் நதிக்கரை | 14 ஆகஸ்ட் 2023

பழைய பந்து ஐயா, நீங்கள் சொன்ன தொழில்நுணுக்கம் அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொறுமையைப் பையனுக்கு யார் கற்றுத்தர வேண்டும்? பந்துவீச்சாளருக்கு அருகே மிட்-ஆஃபில் நிற்கும் மூத்தவர்தானே? அவர் பந்துவீச்சாளரிடம் நடந்துபோய், பயப்படாதே, முன்னே போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வார். அந்த மூத்தவர் ஆகஸ்டில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வேறு நகரத்தில் நிற்கிறார். பயிற்சியாளர் பெவிலியனிலிருந்து எவ்வளவு கத்தினாலும் அதற்கு ஈடாகாது.

---

நார்த்தாம்ப்டன்வாசி | 17 ஆகஸ்ட் 2023

எதிரணிக்காரன் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஷாவின் அந்த 244-ஐ நேரில் பார்த்தவன். உங்கள் பிள்ளைகளை இவ்வளவு திட்டாதீர்கள். இங்கிலாந்து மண்ணில் ஒருநாள் ஆட்டங்களில் அதற்கு மேல் இருப்பது ஒன்றே ஒன்று: 2002-இல் ஓவல் மைதானத்தில் சர்ரேயின் அலிஸ்டர் பிரவுன் எடுத்த 268. அப்படிப்பட்ட நாளில் யார் வீசினாலும் அடிதான். உங்களுக்குப் பிறகு டர்ஹாமும் வாங்கிக்கொண்டது. ஷா 76 பந்துகளில் 125, ஆட்டமிழக்கவில்லை. இப்போது முழங்காலில் காயம்பட்டு அவருடைய தொடரே முடிந்துவிட்டது. எங்களுக்கும் அழுகைதான்.

---

ஐந்தாவது ஸ்டம்ப் | 18 செப்டம்பர் 2023

நாம் காலிறுதியைக்கூட எட்டவில்லை. ஆனால் சனிக்கிழமை டிரென்ட் பிரிட்ஜில் நடந்த இறுதியாட்டத்தைப் பார்த்தீர்களா?

லெஸ்டர்ஷயர் 19 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அங்கிருந்து விக்கெட் கீப்பர் ஹாரி ஸ்விண்டெல்ஸ் ஆட்டமிழக்காமல் 117 எடுத்து 267-க்குக் கொண்டுபோனார். கடைசி ஓவரில் ஹாம்ப்ஷயருக்கு 8 ஓட்டங்கள் தேவை. பந்து யார் கையில்? 19 வயது ஜோஷ் ஹல். 2 ஓட்டங்களில் வெற்றி. பணக்காரக் கவுண்டி இல்லை, நட்சத்திரக் கூட்டம் இல்லை. ஒரு பையனை நம்பி அவன் கையில் பந்தைக் கொடுத்தார்கள், அவனும் வீசினான். இளைஞர்களை வைத்துக்கொண்டு முடியாது என்று ஆகஸ்டில் சொன்னீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

டோன் நதிக்கரை | 18 செப்டம்பர் 2023

பார்த்தேன். ஸ்விண்டெல்ஸ் ஆடியதைப் பார்த்துக் கண்கலங்கியது. ஆனால் லெஸ்டர்ஷயரிடமிருந்து ஹண்ட்ரட் எத்தனை பேரை எடுத்தது? மிகச் சிலரை. அவர்கள் ஏப்ரலில் சேர்ந்து ஆடிய கூட்டமே ஆகஸ்டிலும் சேர்ந்து ஆடியது. ஹல்லுக்கு அருகே நின்று தைரியம் சொல்ல ஆள் இருந்தார்கள். நான் கேட்டதும் அதுதான். உங்கள் உதாரணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

பழைய பந்து | 24 செப்டம்பர் 2024

ஓராண்டு கழித்து இந்த இழையைத் தேடி எடுத்தேன். இடையில் இங்கிலாந்து அணி இந்தியாவில் உலகக் கோப்பைக்குப் போய் 9 ஆட்டங்களில் 3 மட்டும் வென்று திரும்பியது. 50 ஓவர் ஆட்டத்தை நாடே மறந்துகொண்டிருக்கிறது என்று அப்போது பலர் எழுதினார்கள். அந்த ஜோஷ் ஹல்லோ இந்த மாதம் ஓவலில் இலங்கைக்கு எதிராக டெஸ்ட் ஆடிவிட்டார்.

நம் அணிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு 415 கொடுத்த கவுண்டி இந்த ஆண்டு இறுதிக்கு வந்தது. ஐந்தாவது ஸ்டம்ப் சொன்னது பாதி சரி: பிள்ளைகளை நம்பி ஆடவிட்டால் ஓராண்டில் தேறுகிறார்கள். டோன் நதிக்கரை சொன்னதும் பொய்யில்லை. இந்த ஆண்டும் ஆகஸ்டில் மூத்தவர்கள் இல்லை.

ஆனால் என் மனதை அறுப்பது நேற்றைய இறுதியாட்டம். ஞாயிற்றுக்கிழமை மழையில் போனது. மாற்று நாளான திங்கட்கிழமை ஆட்டத்தை 20 ஓவராகக் குறைத்தார்கள். கிளமார்கன் 186, நாம் 171, 15 ஓட்டங்களில் தோல்வி. நாட்டின் ஒரே 50 ஓவர் கோப்பை, ஒருவருக்கு 4 ஓவர் என்ற கணக்கில் முடிந்தது. தொடர் முழுவதும் 10 ஓவர் வீசப் பழகிய பையன்கள், இறுதி நாளில் அதைக் காட்ட இடமில்லாமல் திரும்பினார்கள். இறுதியாட்டத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்தது எந்த நியாயம்?

---

ஐந்தாவது ஸ்டம்ப் | 24 செப்டம்பர் 2024

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நாட்காட்டி வாரியத்தின் கையில் இருக்கிறது. அதற்குக் கவுண்டி நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 20 ஓவரில் 187 துரத்தத் தெரியாதது நம் குறைதான். இந்த முறை பந்துவீச்சைத் திட்டவேண்டாம்.

---

டோன் நதிக்கரை | 24 செப்டம்பர் 2024

இந்த முறை பந்துவீச்சைத் திட்டவில்லை. ஜூலையில் ஒரு மூத்த பந்துவீச்சாளர், ஆகஸ்டில் அவரே. அதைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு அட்டவணை வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.